அம்மிணிக்கு அப்பா எழுதுவது

அம்மிணி,

நேற்று "நல்லா இருக்கறனுங்ப்பா" என்று சொல்லி உடனே போனை வைத்துவிட்டாய். அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. மஞ்சள் வேகவைத்துக் காயப் போட்டாயிற்று, ஆத்தா சௌக்கியம். டியூஷன் பிள்ளைகளுக்கு இந்த வாரம் நாளமில்லாச் சுரப்பிகள் பாடம் எடுத்தேன், அதை உனக்கும் எழுதத் தோன்றியது.

சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி அட்ரீனல் சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. ஆபத்து என்று மூளை நினைத்த உடனே அட்ரீனலின் சுரந்து நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வேர்க்கும், வயிறு புரளும்; எதிர்த்து நிற்கவோ ஓடவோ உடம்பு தயாராவதுதான் அது என்று அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915-லேயே விளக்கிவிட்டார். பாம்பைப் பார்த்தால் ஓடிவிடலாம், அடங்கிவிடும். மேனேஜர் மெயிலுக்கு எங்கே ஓடுவது? அது நாள்கணக்கில் நீண்டால் அதே சுரப்பியின் இன்னொரு ஹார்மோனான கார்ட்டிசாலும் இறங்காமல் நிற்கும், தூக்கம் கெடும்.

சில பேருக்கு எதிரில் ஒன்றுமே இல்லாதபோதும் இது திடீரென்று வந்து, செத்துவிடுவோம் என்றே தோன்றவைக்கும். இசிஜி எடுத்தால் சரியாகவே இருக்கும். அது நடிப்பில்லை, கோழைத்தனமும் இல்லை. வேகமாக மூச்சு வாங்குவதால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்துதான் விரல் மரத்துப்போகிறது. மூச்சை இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும், மூளையிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பு இதயத்தை நிதானப்படுத்தும். காபியைக் குறை.

நம்ம வளவிலேயே முதலில் இன்ஜினியரிங் முடித்தவள் நீ, ஊரில் யார் கேட்டாலும் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் நெஞ்சு வலி என்று ராத்திரி ஆஸ்பத்திரிக்குப் போனதை உன் ரூம் பிள்ளை சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா?

சரி, அதை விடு. தைராய்டு அதிகம் சுரந்தாலும் இதே படபடப்பு வரும், உன் அம்மாவுக்கு வந்தது உனக்குத் தெரியாததா. டிஎஸ்எச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்த்துவிடு, ரத்தசோகைக்கும் சேர்த்துப் பார். மனம் சோர்ந்து, பிடித்த எதிலும் நாட்டமில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அது வெறும் அலுப்பில்லை, மனச்சோர்வு. மருந்தும் பேச்சு சிகிச்சையும் இருக்கிறது. எங்களிடம் சொல்லச் சங்கடமாக இருந்தால் அரசின் மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடு, இலவசம்தான், தமிழிலேயே பேசலாம். மூச்சை மெதுவாக விடு அம்மிணி, காபியைக் குறை.

டாக்டரிடம் போகத் துணைக்கு ஆள் வேண்டுமென்றால் சொல், அடுத்த வண்டிக்கே கிளம்பி வருகிறேன். காரணம் ஒன்றும் கேட்க மாட்டேன்.

அப்பா