கிரீஸ் அல்ல, கியர் ஆயில்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறையில் பெற்றோரும் பதின்ம வயதுப் பிள்ளைகளும் சேர்ந்து பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் புதுப்பிப்பது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். படங்கள் கண்ணைப் பறித்தன. ஆனால் நிப்பிள் (கிரீஸ் ஏற்றும் சின்ன முனை) தெரிகிற இடத்திலெல்லாம் கிரீஸ் அடிக்கச் சொல்லும் ஒரு வரி அதில் இருக்கிறது. அதை நம்பி யாராவது ட்ரயம்ஃப் வண்டிக்குக் கிரீஸ் அடித்துவிட்டால் நாளடைவில் முன்சக்கரம் முறிந்து மடங்கிவிடலாம். அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம். எழுத உட்கார்ந்த பிறகு, கட்டுரை விட்டுவிட்ட வேறு சிலவற்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ட்ரயம்ஃப் ஹெரால்டு 1959-ல் இங்கிலாந்தில் வந்தது. 1961 முதல் அதுவே ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் மெட்ராஸில் தயாரானது. அதன் உறுப்புகளை வைத்து 1962-ல் வந்த இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்தான் ஸ்பிட்ஃபயர். இரண்டுக்கும் முன்சக்கர அமைப்பு ஒரே வழி. சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து இரும்பின் அடிப்பகுதியில் மரை இருக்கும். அது ட்ரன்னியன் என்ற வெண்கலக் கட்டைக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரை கட்டைக்குள் சுழல்கிறது. அதற்கு ஊற்ற வேண்டியது ஈ.பி. 90 என்ற தரத்துக் கியர் ஆயில். கிரீஸ் மரையின் இடுக்குக்குள் முழுதாக இறங்காது, நாளடைவில் இறுகியும் போகும். மேலே இருந்து இறங்கும் மழைத் தண்ணீர் உள்ளேயே தங்கி இரும்பு துருவேறும். ஒருநாள் வண்டியை ஒடித்துத் திருப்பும்போது மரையின் கழுத்தில் முறிந்து, சக்கரம் அப்படியே மடங்கிப் படுத்துவிடும்.

செய்ய வேண்டிய முறை எளிது. ட்ரன்னியனில் உள்ள சின்னப் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் நிப்பிள் பொருத்தி, ஆயில் நிரப்பிய கிரீஸ் கன்னால் அடிக்க வேண்டும். பழைய அழுக்கெல்லாம் வெளியேறி மேலே சுத்தமான ஆயில் கசியும் வரை அடித்தால் போதும். 10,000 கி.மீ.க்கு ஒருமுறை, இல்லையென்றால் வருடம் ஒருமுறை, மழைக்காலம் முடிந்ததும் செய்யலாம். புதிதாக வாங்கிய வண்டியென்றால் ஆயில் அடித்தால் மட்டும் போதாது. ட்ரன்னியனைக் கழற்றி மரையைத் துடைத்துப் பார்க்க வேண்டும். குழி விழுந்திருந்தால் அந்த இரும்பு குப்பைக்குத்தான். இடமும் வலமும் எதிரெதிர் மரை என்பதால் மாற்றிப் போட முடியாது. வாங்கும்போதே எந்தப் பக்கத்துக்கு என்று கேட்டு வாங்குங்கள்.

எங்கள் பகுதியில் இப்படிப்பட்ட வண்டிகள் பெரும்பாலும் கேரள எல்லையான வாளையாருக்கு அந்தப் பக்கமிருந்துதான் வருகின்றன. பாலக்காடு, சித்தூர் பக்கத்துத் தோப்பு வீடுகளில், ஓலைக் கொட்டகையில், மண் தரையில் வருடக்கணக்கில் நின்றவை. மேலே தார்ப்பாய் போட்டு மூடியிருப்பார்கள். அது பாதுகாப்பு அல்ல, கேடு. மண்ணிலிருந்து எழும் ஈரம் தார்ப்பாய்க்குள் அடைபட்டு, வண்டியைக் கீழிருந்து தின்னும். பார்க்கப் போகிறவர்கள் பெயின்டைப் பார்த்து விலை பேசிவிட்டு வருகிறார்கள். ஒரு டார்ச்சும் ஒரு திருப்புளியும் எடுத்துப் போய் அடியில் படுத்துப் பாருங்கள். ஹெரால்டுக்குத் தனிச் சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், உண்டு. அதிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைச்சட்டங்களும், பின்சக்கரத்துக்குப் பக்கத்து மூலைகளும் முதலில் போகும். திருப்புளியால் குத்தினால் உள்ளே இறங்குகிறதா? அப்படியென்றால் விலையைக் குறையுங்கள், அல்லது திரும்பி வாருங்கள். ஸ்பிட்ஃபயரில் கதை வேறு. அதற்குப் பக்கச் சட்டங்கள் இல்லாததால், கதவுக்குக் கீழே ஓடும் சில் பெட்டியே வண்டியின் முதுகெலும்பில் பாதி. அது துருத்தால் நேரே வெட்டி எடுத்துவிடாதீர்கள். கதவு வாயின் குறுக்கே ஆங்கிள் இரும்பைப் பற்றவைத்துத் தாங்கிக்கொண்டு, ஒரு பக்கம் முடித்த பிறகு மறுபக்கம் வெட்ட வேண்டும். தாங்காமல் வெட்டினால் வண்டி நடுவில் தொய்ந்து, பிறகு எத்தனை டிங்கரிங் செய்தாலும் கதவு சாத்தாது.

இன்ஜினில் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு, அதற்கு இரண்டு பேர் வேண்டும். பிள்ளை உள்ளே உட்கார்ந்து இன்ஜின் ஓடாத நிலையில் கிளட்சை அமுக்கி அமுக்கி விடட்டும். பெரியவர் முன்னால் நின்று, இன்ஜின் முன்புறம் பெல்ட் ஓடும் கிராங்க் புல்லியைப் பார்க்கட்டும். ஹெரால்டின் பானட் மட்கார்டுகளோடு சேர்ந்து முழுதாக முன்பக்கம் கவிழ்வதால் எல்லாம் கண்முன் தெரியும். புல்லி முன்னும் பின்னும் நகரலாம், ஆனால் 0.1 முதல் 0.2 மி.மீ. வரைதான். கண்ணுக்கே தெரிகிற அளவு ஆடினால், கிராங்க் முன்பின் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது. இன்ஜின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சம்ப்பை இறக்கி, கிராங்கைப் பிடித்திருக்கும் பின்பக்க மெயின் கேப்பைக் கழற்றினால், இன்ஜினை வெளியே எடுக்காமலே அதை மாற்றலாம். சும்மா விட்டால் வாஷர் சம்ப்பில் விழுந்து, கிராங்க் நேரே பிளாக்கையே அரைக்கும். பிறகு அது காயலான் கடைச் சரக்கு.

இனிப் பிள்ளைகளின் ஆசைக்கு வருவோம். வீட்டில் ஹெரால்டு வந்து நின்றதும் பதினைந்து வயதுக்காரர் கேட்கும் முதல் கேள்வி, கூரையை வெட்டி ஸ்பிட்ஃபயர் ஆக்கிவிடலாமா என்பதுதான். வேண்டாம். ஹெரால்டின் முன்பின் அச்சு இடைவெளி 91.5 அங்குலம், ஸ்பிட்ஃபயருக்கு 83. நடுவில் எட்டரை அங்குலம் வெட்டி ஒட்டிய சேஸிஸில் சொந்தப் பிள்ளையை யார் உட்கார வைப்பது? சட்டமும் இடம் தராது. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விண்டேஜ் வாகன விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய வண்டிக்கு, எண்ணின் நடுவில் வி.ஏ. என்ற எழுத்தோடு தனிப் பதிவு உண்டு. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பத்து ஆண்டு செல்லும். ஆனால் சேஸிஸ், பாடி, இன்ஜின் மூன்றும் பெரிதாக மாற்றப்படாமல் இருக்க வேண்டும். 948 சி.சி. இன்ஜினைத் தூக்கிப் போட்டுவிட்டு மாருதி இன்ஜின் வைத்த ஹெரால்டுகள் இந்த எல்லைப் பக்கம் ஓடுகின்றன. ஓட்ட நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அவற்றுக்கு வி.ஏ. எண்ணைக் கனவிலும் நினைக்க முடியாது. கிடைத்த பிறகும் கண்காட்சி, ராலி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்குத்தான் எடுக்கலாம். தினமும் டியூஷனுக்குக் கொண்டுவிட முடியாது.

பிள்ளைகளுக்கு எந்த வேலையைக் கொடுப்பது என்பதில்தான் பெற்றோர் தவறுகிறார்கள். கழுவவும் துடைக்கவும் விட்டால் ஒரே வாரத்தில் கைபேசிக்குத் திரும்பிவிடுவார்கள். அளக்கிற வேலையைக் கொடுங்கள். வால்வுக்கும் அதை அமுக்கும் ராக்கருக்கும் நடுவே சரியான இடைவெளி வைப்பதைப் போல நல்ல பாடம் இல்லை. நான்கு சிலிண்டர், எட்டு வால்வு. முன்னாலிருந்து 1, 2 என்று எண்ணிக்கொள்ளுங்கள். பிளக்குகளைக் கழற்றிவிட்டு இன்ஜினைக் கையால் சுற்றி, 8-ம் வால்வு முழுதும் திறந்து நிற்கும்போது 1-ஐ அளக்க வேண்டும். 6 திறந்தால் 3. 4 திறந்தால் 5. கூட்டுத்தொகை எப்போதும் 9. இன்ஜின் குளிர்ந்த நிலையில் 0.010 அங்குல ஃபீலர் கேஜ் தகடு லேசான பிடிப்போடு நுழைந்து வர வேண்டும். இடைவெளி அதிகமென்றால் டக்டக் என்று சத்தம். குறைவென்றால் சத்தமே வராது, வால்வு கருகிவிடும். சத்தம் போடுகிற வால்வை விடச் சத்தம் போடாத வால்வுக்குத்தான் பயப்பட வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உள்ள பாயின்ட் இடைவெளி 0.015, பிளக் 0.025 அங்குலம். இவற்றையும் அதே கேஜில் வைத்துவிடலாம்.

ஸ்பேனர் விஷயம் சின்னதாகத் தெரியும். இந்த வண்டியில் நட்டுகள் அங்குலக் கணக்கு. அரை அங்குல நட்டு 12.7 மி.மீ. அதில் 13 எண் ஸ்பேனரைப் போட்டால் பாதி நேரம் கழலும், துருப்பிடித்த நட்டில் முனை மழுங்கி உருண்டையாகிவிடும். 7/16, 1/2, 9/16 ரிங் ஸ்பேனர்கள் மூன்றும் கோயம்புத்தூரில் தேடி வாங்கிக்கொண்ட பிறகு வண்டியைத் தொடுங்கள். கழற்றிய ஒவ்வொரு ஜோடி நட்டும் தனிப் பையில், எந்த இடம் என்று எழுதிய சீட்டோடு போக வேண்டும். கழற்றும் முன் ஒரு படம், கழற்றிய பின் ஒரு படம். ஆறு மாதம் கழித்துப் பூட்டும்போது யாருக்கும் நினைவிருக்காது.

துரு எடுக்க ஆசிட் வேண்டாம். பிளாஸ்டிக் தொட்டியில் நான்கு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா கலந்து, 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் மைனஸைத் துருப்பிடித்த உறுப்பிலும் பிளஸ்ஸை ஒரு கட்டடக் கம்பித் துண்டிலும் மாட்டினால் மறுநாள் துரு பொடியாக உதிரும். வேதியியல் பாடம் கண்முன் நடக்கும். பிளஸ் பக்கம் எவர்சில்வரை மாட்டக் கூடாது, தண்ணீரில் நச்சுக் குரோமியம் இறங்கும். ஹைட்ரஜன் வாயு கிளம்புவதால் வெட்டவெளியில் வையுங்கள், பக்கத்தில் பீடி கூடாது. ஸ்பிரிங்கையும் அதிக உறுதிகொண்ட போல்ட்டுகளையும் இதில் போட்டால் உள்ளுக்குள் நொறுங்கும் தன்மை வந்துவிடும். அலுமினியத்தையும் இதில் முக்காதீர்கள்.

சில வேலைகளில் பிள்ளைகளை அண்டவே விடக் கூடாது. பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். டிரம்மைக் கழற்றியதும் கம்ப்ரஸரால் ஊதுவது நம் பட்டறைகளில் பழக்கம், அதை விட்டுவிட்டு ஈரத் துணியால் துடைத்துத் துணியை எறிய வேண்டும். பழைய பெயின்டில் ஈயம் உண்டு, எனவே தண்ணீர் தொட்டுத்தான் தேய்க்க வேண்டும். இரண்டு டப்பா கலக்கி அடிக்கும் பெயின்டின் புகை நுரையீரலைக் கெடுக்கும், சாதாரண முகமூடி தடுக்காது, அதைக் கடையில் விட்டுவிடுங்கள். காயில் ஸ்பிரிங் கழற்றுவதும் பெட்ரோல் டேங்க் பற்றவைப்பதும் அனுபவப்பட்டவர் கை. ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போகக் கூடாது. நான்கு ஸ்டாண்டு, சமமான சிமென்ட் தரை. மண் தரையில் ஸ்டாண்டு இறங்கும்.

வண்டியைக் கிளப்பும் முன் பிரேக் முடிந்திருக்க வேண்டும். பழைய ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே வீங்கி அடைத்திருக்கும். மிதித்தால் ஆயில் போகும், விட்டால் திரும்பாது, சக்கரம் பிடித்துக்கொள்ளும். சோதித்துக்கொண்டிராமல் எல்லா ஹோஸ்களையும் வீல் சிலிண்டர் ரப்பர்களையும் மாற்றி டாட் 4 தரப் பிரேக் ஆயில் ஊற்றுங்கள். இன்ஜின் ஆயில் ஒரு சொட்டு கலந்தாலும் ரப்பர் ஊதிவிடும். இப்போது பங்க்கில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் பெட்ரோல் பழைய எரிபொருள் ஹோஸையும் பம்ப் டயாஃப்ரமையும் கரைக்கும். எத்தனாலுக்குத் தாங்கும் ஆர்9 தர ஹோஸ் போடுங்கள். மாதக்கணக்கில் நிறுத்துவதானால் கார்பரேட்டரை வடித்துவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுத்து அடியில் தண்ணீராகத் தங்கும்.

பேட்டரி மாட்டும் முன் கவனம். ஆரம்பகால வண்டிகளில் பாடியோடு சேர்வது பிளஸ். நம் பிள்ளைகள் மைனஸ்தான் எர்த் என்று நினைத்து எல்.இ.டி. விளக்கையும் கைபேசி சார்ஜரையும் மாட்டி எரித்துவிடுகிறார்கள். ஒயர் நிறங்களைப் படித்துக்கொண்டால் குழப்பம் தீரும்: பழுப்பு நேரே பேட்டரி, வெள்ளை சாவி போட்டால், பச்சை ஃபியூஸ் வழியாக, கறுப்பு எர்த். எலி கடித்த இடத்தை டேப் சுற்றி மறைக்காமல் ஒயரையே மாற்றுங்கள்.

பெயின்ட் எல்லாவற்றுக்கும் கடைசி. ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பொள்ளாச்சிப் பக்கம் வீசும்போது நார் மில் தூசி ஈரப் பெயின்டில் ஒட்டும். பங்குனிக்குள் முடித்துவிடுவது நல்லது.

கேரள எண் வண்டியென்றால் முன்பணம் கொடுக்கும் முன் ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணையும் வண்டியில் உள்ளதையும் ஒப்பிட்டு, பென்சிலால் தேய்த்துத் தாளில் பதிவெடுத்துக்கொள்ளுங்கள். அங்கேயிருந்து 28-ம் படிவத் தடையில்லாச் சான்று வராமல் இங்கே ஒன்றும் நகராது. எண் மாற்ற 27, பெயர் மாற்ற 29, 30. உரிமையாளர் இறந்துவிட்ட வண்டியென்றால் வாரிசுகளின் ஒப்புதல் முதலில்.

பதினெட்டு வயதுக்குள் பிள்ளை சாலையில் ஓட்டிப் பிடிபட்டால், மோட்டார் வாகனச் சட்டம் 199-ஏ பிரிவின்படி பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, வண்டிப் பதிவு 12 மாதம் ரத்து. தோப்புக்குள் ஓட்டிப் பழகட்டும். சாலையில் பக்கத்து இருக்கைதான். அந்த இருக்கையிலும் வேலை இருக்கிறது: வெப்பமானி முள், ஆயில் விளக்கு, எங்கிருந்தாவது புதிதாக வருகிற வாசனை. இந்த வண்டியின் பின்சக்கரம் வளைவில் வேகமாகப் போனால் உள்ளே மடங்கும் இயல்புடையது. வளைவின் நடுவில் ஆக்ஸிலேட்டரை விட்டால் இன்னும் மோசம். ஆழியாறு கொண்டை ஊசி வளைவுகளுக்கு முதல் நாளே போக வேண்டாம். முதல் 800 கி.மீ. ஓடி முடித்ததும் ஆயிலை மாற்றி, சிலிண்டர் ஹெட் நட்டுகளை, இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சால் சரிபார்த்து, வால்வுகளை மறுபடி அளக்க வேண்டும். ஹெட்டை இறுக்கினால் இடைவெளி மாறிவிடும், எனவே வால்வு இரண்டாவதுதான்.

முடிந்தால் அந்தக் கிரீஸ் வரிக்கு ஒரு திருத்தம் வெளியிடக் கேட்டுக்கொள்கிறோம். ட்ரன்னியனுக்கு ஈ.பி. 90 கியர் ஆயில் என்று ஒரு வரி போதும்.

இப்படிக்கு,
பழைய கார் வேலை பார்க்கும் வாசகர்கள்,
கோபாலபுரம், பொள்ளாச்சி.