சத்தமில்லாத பெட்டிக்கு எந்தப் பிராசசர்?

அன்புள்ள தம்பி,

புதுக் கம்ப்யூட்டருக்கு நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். கேபினட் நன்றாக இருக்கிறது, ரேம் போதும், எஸ்எஸ்டியும் சரி. பிராசசர் என்ற இடத்தில் மட்டும் கோர் ஐ7-13700கே என்று எழுதியிருக்கிறாய். அதை எடுத்துவிடு. டிவிக்குக் கீழே வைத்துப் படம் பார்க்க, பாட்டுக் கேட்க ஒரு பெட்டி வேண்டும், பாப்பா அதே அறையில் தூங்குவாள், சத்தமே வரக்கூடாது என்றுதானே சொன்னாய்? நீ எழுதியிருக்கும் பிராசசர் முழு வேகத்தில் 253 வாட் வரை இழுக்கும். அத்தனை சூட்டையும் ஒரு சின்னப் பெட்டியிலிருந்து சத்தமில்லாமல் வெளியேற்ற வழியே இல்லை.

எப்போதுமா அவ்வளவு இழுக்கும் என்று கேட்பாய். இல்லைதான். சும்மா இருக்கும்போது அதுவும் அடக்கமாகவே இருக்கும். ஆனால் ஒரு பக்கத்தைத் திறந்தால், ஒரு அப்டேட் வந்தால், சில நொடிகளுக்கு எகிறும். உடனே ஃபேனும் எகிறும். காதை உறுத்துவது அந்த ஏற்ற இறக்கம்தான். ஒரே சீராக மெல்ல ஓடும் ஃபேன் கொஞ்ச நேரத்தில் காதுக்குப் பழகிப்போகும்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. படத்தை ஓட்டுவது பிராசசரின் கோர்கள் (கணக்குப் போடும் பகுதிகள்) இல்லை. உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் பகுதியில், சுருக்கி வைத்த வீடியோவைப் பிரிப்பதற்கென்றே தனியாக ஒரு டிகோடர் இருக்கிறது. ஒரு 4கே படத்தை அது பிரிக்கும்போது கோர்கள் கிட்டத்தட்டச் சும்மா இருக்கும். டிகோடருக்குத் தெரியாத வகை வீடியோ வந்தால்தான் கோர்கள் அந்த வேலையைத் தலையில் போட்டுக்கொள்ளும். படம் அப்போதும் ஓடும், கூடவே ஃபேனும் ஓடும். அதனால் எத்தனை கோர், எத்தனை கிகாஹெர்ட்ஸ் என்பதைப் பிறகு பார்க்கலாம். டிகோடருக்கு எந்தெந்த வகை தெரியும் என்பதை முதலில் பார்.

வீடியோவைச் சுருக்கும் வகைகளில் எச்.264 என்பது 2003-இல் வந்தது, இன்று எல்லாச் சிப்பிலும் இருக்கிறது. எச்இவிசி, விபி9 இரண்டும் 2013-ஐ ஒட்டி வந்தவை. இவற்றின் 10 பிட் வகைதான், வெளிச்சமும் நிறமும் கூடுதலாகத் தெரியும் எச்டிஆர் படங்களுக்கு வேண்டும். இன்டெலில் ஏழாம் தலைமுறையிலிருந்து அது ஒழுங்காக வேலை செய்கிறது. 2018-இல் வந்த ஏவி1-தான் இப்போது பார்க்க வேண்டியது. யூடியூப் அதை நிறையவே பயன்படுத்துகிறது. இன்டெல் 12ஆம் தலைமுறை எடுத்தால் அதற்கும் டிகோடர் இருக்கும். இன்டெலின் போட்டிக் கம்பெனியான ஏஎம்டியில் கொஞ்சம் கவனம் வேண்டும். இந்த மாதிரிப் பெட்டிக்குப் பலர் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்யும் ரைசன் 5 5600ஜி நல்ல சிப்தான், ஆனால் அதன் பழைய வேகா கிராபிக்ஸுக்கு ஏவி1 தெரியாது. 2024-இல் வந்த 8600ஜிக்குத் தெரியும்.

இதெல்லாம் புதுக்கதை இல்லை. பென்டியம் 4 பிரெஸ்காட் 2004-இல் வந்தபோது 100 வாட்டைத் தாண்டிக் கொதித்தது. சத்தம் பிடிக்காதவர்கள் லேப்டாப்புக்கான பென்டியம் எம் சிப்பைத் தேடிப் பிடித்து டெஸ்க்டாப்பில் போட்டார்கள். 2008-இல் இன்டெலின் ஆட்டம் (Atom) என்ற சின்னச் சிப் வந்தது. ஆட்டம் 230-க்கு டிடிபி, அதாவது கூலர் வெளியேற்ற வேண்டிய சூட்டின் அளவு, வெறும் 4 வாட்; எல்லாரும் துள்ளிக் குதித்தார்கள். இன்டெலே விற்ற பலகையில் (மதர்போர்டில்) பிராசசருக்கு ஃபேன் இல்லை, பக்கத்திலிருந்த துணைச் சிப்பான சிப்செட்டுக்கு இருந்தது! அது பிராசசரைவிடப் பல மடங்கு சூடாகும். அதோடு 1080பி படத்தை ஓட்டவும் ஆட்டத்துக்குத் திணறல்தான். அடுத்த வருடம் என்விடியா அயான் என்ற சிப்செட்டை அதே ஆட்டத்தோடு சேர்த்ததும் படம் வழுக்கிக்கொண்டு ஓடியது. பிராசசர் மாறவில்லை, டிகோடர்தான் புதிதாக வந்தது.

இனி பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகள். இன்டெலில் எஃப் இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, உனக்கு ஆகவே ஆகாது. தனி கிராபிக்ஸ் கார்டு வாங்கினால் இன்னொரு சூடு, இன்னொரு ஃபேன். கே என்பது வேகத்தை முடுக்கி விளையாடுபவர்களுக்கு.

டி என்ற எழுத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கோர் ஐ3-12100 என்றால் 60 வாட், 12100டி என்றால் 35 வாட் என்று போட்டிருக்கும். உடனே டிதான் அமைதி என்று தோன்றும். இரண்டும் ஒரே சிப்தான். டியில் வேகத்துக்கும் மின்சாரத்துக்கும் வரம்பைக் குறைத்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவே. அதுவும் கொஞ்ச நேரத்துக்கு 69 வாட் வரை போகும். சாதாரண 12100 போவது 89. சும்மா இருக்கும்போதும் படம் ஓடும்போதும் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. சாதாரணத்தையே வாங்கி, பயாஸில் (கம்ப்யூட்டர் கிளம்பும்போது திறக்கும் அமைப்புத் திரையில்) பவர் லிமிட்டை நீயே குறைத்துக்கொள்ளலாம். பெரும்பாலான பலகைகளில் அதற்கு இடம் இருக்கும், வாங்குமுன் மேனுவலில் பார்த்துக்கொள். ரைசனிலும் இதே கதைதான். 65 வாட் என்று போட்டதற்கு 88 வாட் வரை போக அனுமதி உண்டு, ஈகோ மோடு என்ற சிக்கன அமைப்பில் 45 வாட் சிப் போல நடந்துகொள்ளும். வரம்பைக் குறைத்தால் வேகமும் அதே அளவுக்கு விழுந்துவிடுமோ என்று பயப்படாதே. சிப்பின் செலவு வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறும். உச்சியில் இருக்கும் அந்தக் கடைசிக் கொஞ்ச வேகத்துக்குத்தான் அநியாயமாக மின்சாரம் போகிறது.

சரி, எதை வாங்குவது? படமும் பாட்டும் மட்டும் என்றால் இன்டெல் என்100 போட்ட பலகையே போதும் என்பது என் எண்ணம். டிடிபி 6 வாட், நாலு கோர், ஏவி1 டிகோடர் உண்டு. ஃபேனே இல்லாமல் ஹீட்சிங்க் மட்டும் வைத்தும் வருகிறது. பலகையோடு பற்றவைத்தது என்பதால் பின்னால் பிராசசரை மட்டும் மாற்ற முடியாது, அது ஒன்றுதான் குறை. வீட்டு வீடியோக்களை எடிட் செய்யவும் இதே பெட்டிதான் என்றால் 12100 வாங்கு. மருமகள் கேம்ஸ் ஆட வேண்டும் என்று சொன்னாளே, அது நிஜமாகவே இந்தப் பெட்டியிலா? அப்படியென்றால் 8600ஜி. ஆடும்போது கொஞ்சம் சத்தம் வரும், அந்த நேரத்தில் பரவாயில்லை. அவளிடம் கேட்காமல் ஆர்டர் போடாதே.

பிராசசரோடு வரும் சின்னக் கூலரை நம்பாதே. 120 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்றை மெதுவாக ஓடவிடு. ஒரே ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் சத்தம் சுமார் 15 டெசிபல் இறங்கும், காற்று பாதிதான் குறையும். சிப் ஒரு நொடி சூடானதும் ஃபேன் பதறி ஏறாதபடி, சில நொடி பொறுத்து ஏறும்படி பயாஸில் வைத்துவிடு. பழைய ஹார்ட் டிஸ்க்கை இதற்குள் போடாதே, வேறு அறையில் இருக்கட்டும்.

பலகையில் டிவியோடு இணைக்கும் எச்டிஎம்ஐ 2.0-வாவது இருக்கிறதா என்று பார். சிலவற்றில் இன்னும் 1.4-தான், அதில் 4கே 30 ஹெர்ட்ஸோடு (நொடிக்கு 30 காட்சியோடு) நின்றுவிடும், டிகோடர் எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை. அப்புறம், லினக்ஸ் போடப்போவதாகச் சொன்னாய். போடு. ஆனால் சந்தா கட்டிப் பார்க்கும் தளங்கள் பல அதில் 4கே தராது. அது நகலெடுக்க விடாமல் போடும் பதிப்புரிமைப் பூட்டு விவகாரம், எந்தப் பிராசசர் வாங்கினாலும் மாறாது.

கேபினட்டில் கூலருக்கு எத்தனை மில்லிமீட்டர் உயரம் விட்டிருக்கிறார்கள் என்று பார்த்து அனுப்பு. 12100 என்று முடிவானால் அதற்கேற்ற கூலரை நான் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா