மேடை மாற்றுகிறவர்களைத் தேடிப் பார்த்தேன்

அன்புள்ள பாப்பா,

அம்மா நலம், நானும் நலம். மாத்திரையெல்லாம் நேரத்துக்குப் போட்டுக்கொள்கிறேன், அதைக் கேட்டு எழுதாதே. பெரியத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுச் செய்தி அவ்வளவுதான்.

கிராமி இசை விருது விழா பார்த்தேன். 2025 பிப்ரவரி 2 ஞாயிறு இரவு லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்தது, நமக்குத் திங்கள் காலை ஆறரை மணிக்கு நேரலை. மூன்றரை மணி நேரத்துக்கும் மேலே ஓடியது. அம்மா பாதியில் எழுந்து போய்விட்டாள். நான் கடைசி வரை அசையவில்லை. நீ இந்த மேடை ஒலி வேலைக்குப் போகிற வரை நான் பாடுகிறவர் முகத்தைத்தான் பார்ப்பேன். இப்போது கண் நேராக அவர் காதுக்குப் போகிறது. தன் பாட்டும் வாத்தியமும் கேட்கக் காதுக்குள் வைக்கிற இன்-இயரை மாட்டியிருக்கிறாரா, ஒன்றைக் கழற்றித் தொங்கவிட்டிருக்கிறாரா என்று பார்க்கிறேன். கழற்றிவிட்டுப் பாடினால், அவர் காதுக்குக் கலந்து அனுப்புகிற ஒலியில், அந்த மானிட்டர் மிக்ஸில், ஏதோ சரியில்லை, மேடையோரத்தில் யாரோ ஒருத்தி வேர்த்துப்போய் நிற்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். நீ சொல்லிக்கொடுத்ததுதான்.

ஜனவரியில் அந்த ஊரில் பற்றிய காட்டுத்தீயில் எத்தனையோ குடும்பங்கள் வீட்டை இழந்தன. அவர்களுக்கு நிதி திரட்டுகிற நிகழ்ச்சியாகவே விழாவை மாற்றியிருந்தார்கள். ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான விருதை அறிவிக்கத் தீயணைப்பு வீரர்களை மேடையேற்றினார்கள். பாடகி பியான்சேவுக்குப் போனது. கிராமி வரலாற்றிலேயே அதிக விருது வாங்கியவர், ஆனால் அந்த ஒரு விருது அதுவரை அவருக்குக் கிடைக்கவில்லை. பெயரைப் படித்தபோது அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். நீயும் பார்த்தாயா? இல்லை, அன்றைக்கும் எங்காவது வேலையில் இருந்தாயா?

ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு தொடங்க எவ்வளவு நேரம் இருக்கிறது என்று இந்த முறை கவனித்துக்கொண்டே இருந்தேன். ஒருவர் விருது வாங்கி நன்றி சொல்லுகிற நேரம், இல்லையென்றால் விளம்பரம் ஓடுகிற நேரம். அதற்குள் இன்னொரு மேடையில் டிரம்ஸும் கீபோர்டும் சக்கரம் வைத்த பலகையோடு உருண்டு வந்து, அத்தனை மைக்கும் சரியான இடத்தில் நின்று, அத்தனை பேர் காதிலும் சரியான ஒலி போய்ச் சேர்ந்துவிட வேண்டும். சாப்பல் ரோன் என்ற பெண் வீடு உயரத்துக்கு ஒரு ரோஜா நிறக் குதிரை மேல் உட்கார்ந்து பாடினாள். எல்லோரும் குதிரையைப் பார்த்திருப்பார்கள். அதை யார் எப்போது உள்ளே தள்ளிக்கொண்டு வந்தார்கள் என்று நான் திரையின் ஓரங்களைத் தேடினேன். ஒரே ஒரு முறை கறுப்பு உடையில் ஒருவர் குனிந்து ஓடுவது தெரிந்தது. நீயும் இப்படித்தான் ஓடுவாய் என்று நினைத்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது, பாப்பா. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது, பக்கத்தில் யாரும் இல்லை.

எல்லாம் சரியாக நடந்தால் உங்களை யாருக்கும் தெரியாது. ஒன்று தவறினால்தான் தெரியும். 2016 கிராமியில் அடெல் பாடும்போது பியானோவுக்குள் வைத்திருந்த மைக் தந்திகளின் மேல் விழுந்து வேறேதோ வாத்தியம் போலச் சத்தம் வந்ததே, அந்தக் கதையை நீதான் சொன்னாய். அடுத்த வருஷம் மெட்டாலிக்கா ராக் குழுப் பாடகருடைய மைக் உயிரில்லாமல் கிடந்தது, அவர் லேடி காகாவின் மைக்கில் போய்ப் பாடினார். உலகம் முழுக்கப் பார்க்கிற நேரத்தில் அப்படி ஒன்று நடந்தால் அந்த வேலையிலிருந்த பிள்ளைக்கு அன்றிரவு தூக்கம் வந்திருக்குமா? இவ்வளவு பாரம் சுமக்கிற வேலையில் ஒருவர் தன் உடம்பைக் கவனிக்காமல் இருந்துவிடுவார் என்பதும் எனக்குப் புரிகிறது. புரிவதால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதே.

மறைந்தவர்களுக்கு அஞ்சலி செலுத்துகிற பகுதியில் கோல்ட்பிளே குழுவின் கிறிஸ் மார்ட்டின் பாடினார். பின்னால் ஒவ்வொரு படமாக வந்தது. நான் தபலா உஸ்தாத் ஜாகிர் உசேன் படத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. போன வருஷம் 2024இல் ஒரே நாளில் மூன்று கிராமி வாங்கியவர், டிசம்பர் 15 அன்றுதான் போனார். டிவியில் காட்டிய வரிசையில் அவருக்கு இடமில்லையாம். மனசு ஆறவே இல்லை. போன வருஷமே அவருடைய ஷக்தி குழு வாங்கிய விருதை டிவியில் காட்டவில்லையே. இந்த வருஷமும் மொத்தம் தொண்ணூற்று நான்கு பிரிவுகள், அதில் ஏறக்குறைய பத்துதான் இரவு விழாவில் வரும், மற்றதையெல்லாம் மதியமே கொடுத்து முடித்துவிடுகிறார்கள். ஷக்தியில் வாசிக்கிற செல்வகணேஷின் கஞ்சிராவுக்கு அந்த மேடையில் இடம் கிடைத்ததையும் நாம் பிறகு துண்டு வீடியோவில்தானே பார்த்தோம். அவர் அப்பா விக்கு விநாயக்ராம் 1992இலேயே கிராமி வாங்கிய ஆல்பத்தில் கடம் வாசித்தவர். அப்பாவும் பிள்ளையும் வாங்கியிருக்கிறார்கள். இதைச் சொல்ல உனக்குப் போன் பண்ணினேன். நீ எடுக்கவில்லை.

நீ இப்போதெல்லாம் போன் எடுப்பதே இல்லை. கூப்பிட்டால் கொஞ்ச நேரத்தில் ‘ரிகர்சல்பா, மெசேஜ் போடுங்க’ என்று வருகிறது. காலை எட்டு மணிக்கும் ரிகர்சல், இரவு இரண்டு மணிக்கும் ரிகர்சல். சரி, வேலை அப்படி. கோபமில்லை. கோபம் கொஞ்சம் இருக்கிறது.

கிறிஸ் மார்ட்டினைப் பற்றிச் சொல்ல வந்தேன். அவருக்குக் காதுக்குள் ஓயாத இரைச்சல் உண்டு, இருபது வருஷத்துக்கு மேலாக. சின்ன வயதில் பாட்டை உரக்க வைத்துக் கேட்டதால் வந்தது என்று அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அதன் பிறகு காதுக்குப் பாதுகாப்பு இல்லாமல் அவர் மேடையேறுவதில்லை. அப்படியும் பாடுகிறார், அன்றைக்கும் பாடினார். ஏசி/டிசி ராக் குழுவின் பாடகர் பிரையன் ஜான்சன் 2015 கிராமியில் முதல் பாட்டு பாடி அரங்கத்தையே ஆட வைத்தார். அடுத்த வருஷம் மார்ச்சில் டாக்டர்கள், இனி மேடையேறினால் காது முழுவதும் போய்விடும் என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள். அவருக்குக் கார் பந்தயத்தில் போனது, பாட்டால் இல்லை என்று நீ உடனே சொல்வாய். ஆமாம், அவரே அப்படித்தான் சொல்கிறார். எதனால் போனால் என்ன? அவர் மறைக்கவில்லை. டாக்டரிடம் போனார், புது மாதிரியான காதுக்கருவி செய்தவர்களிடம் போனார், சில வருஷத்தில் மறுபடியும் மேடைக்கு வந்தார். அதைத்தான் சொல்கிறேன்.

தம்பி கல்யாணத்துக்கு நீ வந்திருந்தபோது சித்தப்பா உன் பக்கத்தில் வந்து ஏதோ சொன்னார். நீ தலையாட்டிச் சிரித்தாய். அவர் சொன்னது அவருடைய நண்பர் தவறிப்போன விஷயம். சித்தப்பா முகம் மாறியதை நான் பார்த்தேன், நீ பார்க்கவில்லை. சத்தமான இடம், கேட்டிருக்காது என்று நானே அவரைச் சமாதானம் பண்ணினேன். அன்றிரவு உன் அறையில் ரேடியோ எந்த ஸ்டேஷனிலும் நிற்காமல் ‘ஸ்ஸ்’ என்று ஓடிக்கொண்டே இருந்தது. மறந்துபோய்த் தூங்கிவிட்டாய் என்று நினைத்து அணைத்தேன். உடனே விழித்துக்கொண்டு, அணைக்காதீங்கப்பா, அது இருந்தால்தான் தூக்கம் வரும் என்றாய். எனக்கு அப்போது விளங்கவில்லை. போனை எப்போதும் வலது காதில் வைக்கிற பிள்ளை இடதுக்கு மாறியிருக்கிறாள் என்பதையும் அம்மாதான் கவனித்துச் சொன்னாள்.

தாத்தாவைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் மடியில் வளர்ந்தவள் நீ. எல்லோரும் சிரிக்கும்போது அவரும் சிரிப்பார், எதற்கென்று தெரியாது. அவர் தறிச் சத்தத்தில் முப்பது வருஷம் நின்றார். அந்தக் காலத்தில் காதுக்கு வைக்க ஒன்று உண்டென்று அவருக்குச் சொல்ல ஆளில்லை. உனக்கு எல்லாம் தெரியும். எட்டு மணி நேர வேலைக்கு எண்பத்தைந்து டெசிபல்தான் எல்லை, அதற்கு மேல் மூன்று மூன்றாகக் கூடும்போதெல்லாம் நேரம் பாதி பாதியாகக் குறையும், நூறு டெசிபலில் கால் மணி நேரம்தான் என்று எனக்கே கணக்குப் போட்டுக் காட்டினாய். உள்காதில் இருக்கிற அந்த மயிரிழைச் செல்கள் போனால் மனுஷனுக்குத் திரும்ப முளைக்காது என்றும் நீதான் சொன்னாய். இதெல்லாம் தெரிந்த பிள்ளை மேடையோரத்தில் எத்தனை மணி நேரம் நிற்கிறாள்? இயர் பிளக் வைத்துக்கொள். இசைக்காரர்களுக்கென்றே, எல்லா ஸ்வரத்தையும் ஒரே அளவில் குறைக்கிற மாதிரி அளவெடுத்துச் செய்து தருகிறார்கள் என்றாயே, அது உன்னிடம் இருக்கிறதா? பையில் இருக்கிறதா, காதில் இருக்கிறதா?

ஏன் சொல்ல மாட்டேன் என்கிறாய் என்று எனக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். உன் வேலையே காதுதான். காதில் கோளாறு என்று ஒருவர் காதுக்கு எட்டினால் அடுத்த டூருக்குக் கூப்பிட மாட்டார்கள் என்ற பயம். கூட வேலை செய்கிறவர்களிடம் சொல்ல வேண்டாம், எங்களிடம் சொல்லலாமே. நாங்கள் யாரிடம் போய்ச் சொல்லப் போகிறோம்? ‘அப்பவே சொன்னேனே, அந்த வேலை வேண்டாம்னு’ என்று நான் ஆரம்பித்துவிடுவேன் என்று நினைக்கிறாயா? உன் பெயர் எங்கேயும் வராத வேலைக்கு எதற்கம்மா இவ்வளவு படிப்பு என்று நான் கேட்டது உண்மை. இப்போது திரையின் ஓரத்தைத் தேடிக்கொண்டு மூன்றரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறவனும் நான்தான்.

சாப்பல் ரோன் புதுமுகக் கலைஞர் விருது வாங்கிவிட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதியதைப் படித்தாள். இசைக் கம்பெனிகள் வளர்ந்துவருகிற கலைஞர்களுக்கு வாழ்வதற்குப் போதுமான ஊதியமும் மருத்துவக் காப்பீடும் தர வேண்டும் என்று, அந்தக் கம்பெனிக்காரர்கள் உட்கார்ந்திருக்கிற அரங்கத்திலேயே கேட்டாள். தன்னை ஒப்பந்தத்திலிருந்து விலக்கிய காலத்தில் தனக்குக் காப்பீடு எடுக்க வழியில்லாமல் போனதையும் சொன்னாள். கை தட்டினார்கள். எனக்கு நீதான் ஞாபகம் வந்தாய். ஒரு டூர் முடிந்து அடுத்த டூர் வருகிற வரைக்கும் உனக்கு யார் காப்பீடு? பாடுகிறவளுக்கே இல்லையென்றால் அவள் காதுக்கு ஒலி அனுப்புகிறவளுக்கு? இதை மூன்று முறை மெசேஜில் கேட்டுவிட்டேன். கட்டைவிரல் படம் மட்டும் அனுப்புகிறாய். அது பதிலா?

காப்பீடு இல்லையென்றால் பணம் நாங்கள் அனுப்புகிறோம். மறுக்காதே. அம்மா அதற்கென்றே எடுத்துவைத்திருக்கிறாள். நல்ல இ.என்.டி. டாக்டரைப் பார். எவ்வளவு கேட்கிறது என்று பார்க்கிற ஆடியோகிராம் எடு. இரண்டு காதுக்கும் தனித்தனியாக எடுப்பார்கள், கோடு எங்கே கீழே இறங்குகிறது என்று நீயே படித்துவிடுவாய், உனக்கு அந்த வரைபடம் புதிதில்லை. இரைச்சலைச் சமாளிக்கவும் இப்போது பயிற்சி, கருவி எல்லாம் இருக்கிறது. இரவில் ரேடியோ ஓடட்டும், யாரும் அணைக்க மாட்டோம். ஆனால் டாக்டரைப் பார். இயர் பிளக் வைத்துக்கொள். இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று நீ அலுத்துக்கொள்வாய், அலுத்துக்கொள், பரவாயில்லை.

ஸ்டீவி வொண்டரும் ஹெர்பி ஹான்காக்கும் மறைந்த இசையமைப்பாளர் குயின்ஸி ஜோன்ஸுக்காக வாசித்ததைப் பற்றி எழுதவே இல்லை. பிரமாதமாக இருந்தது. லேடி காகாவும் புருனோ மார்ஸும் சேர்ந்து பாடினார்கள், அதில் ஆர்ப்பாட்டமே இல்லை, அம்மா அதற்கு மட்டும் திரும்ப வந்து உட்கார்ந்தாள். சந்திரிகா டாண்டன் ‘திரிவேணி’ ஆல்பத்துக்காக வாங்கினார். அதுவும் மதியக் கணக்குத்தான்.

இனிமேல் நாங்கள் போன் பண்ணிக் கூப்பிட மாட்டோம். எழுதியே பேசலாம், எனக்குக் கடிதம் எழுதப் பிடிக்கும் என்று உனக்குத் தெரியும். வீடியோவில் வருகிறாயானால் வெளிச்சமான இடத்தில், முகம் நன்றாகத் தெரிகிற மாதிரி உட்கார்ந்து நிறுத்தி நிறுத்திப் பேசச் சொல்லி அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். கட்டைவிரல் படம் மட்டும் அனுப்பாதே. இந்த மாசத்துக்குள் டாக்டரைப் பார்த்துவிட்டு, அந்த ஆடியோகிராம் தாளை அப்படியே படம் பிடித்து எனக்கு அனுப்பு. அதில் என்ன இருந்தாலும் அனுப்பு. எந்த டாக்டர், என்றைக்கு என்று முதலில் எழுது, பணம் எவ்வளவு வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதிவிடு.

அன்புடன்,
அப்பா