வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஓய்வூதியர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயாமார்களே, அம்மாமார்களே,

குடியாத்தத்தில் ஜெராக்ஸ், பிரவுசிங் கடை வைத்திருக்கிறேன். உங்களில் பலரை எனக்கு நன்றாகத் தெரியும். வாழ்நாள் சான்றிதழுக்கு விரல் ரேகை வைக்க வருவீர்கள், ரேகை விழாவிட்டால் மெஷினைத் திட்டுவீர்கள். அகவிலைப்படி எத்தனை சதவீதம் ஏறியது, எந்த அரசாணையில், எந்தத் தேதியிலிருந்து என்று காகிதத்தைப் பார்க்காமலே சொல்வீர்கள். நிலுவையில் நூறு ரூபாய் குறைந்தாலும் கருவூலத்துக்கு எழுதிப் பதில் வாங்காமல் விடமாட்டீர்கள். அந்தப் பிடிவாதத்தில் கொஞ்சம் ஊருக்குக் கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

அதே கடைக்கு இன்னொரு கூட்டமும் வருகிறது. ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்கள், பேரணாம்பட்டில் தோல் பதனிடும் வேலை செய்பவர்கள், வீட்டில் பீடி சுற்றுபவர்கள், ஒரகடத்துக்கும் ஓசூருக்கும் போய் ஒப்பந்தம் முடிந்து திரும்பிய பையன்கள். கையில் மடித்த காகிதம் இருக்கும், இல்லாவிட்டால் போனில் ஒரு எஸ்எம்எஸ். "இதுல என்ன போட்டிருக்குன்னு பாருங்கண்ணா" என்பார்கள். எனக்கு வாசித்துக் காட்டத் தெரியும், ஸ்கேன் பண்ணி ஏற்றத் தெரியும். அப்புறம் என்ன செய்வது, யாருக்கு எழுதுவது, பதில் வராவிட்டால் அடுத்து எந்தக் கதவைத் தட்டுவது என்பதில் நீங்கள்தான் கரை கண்டவர்கள்.

பிஎஃப் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனி மாறும்போதெல்லாம் பழைய கணக்கை முடித்துப் பணத்தை எடுத்துவிடுவது இங்கே வழக்கமாகிவிட்டது. நகையை மீட்க வேண்டும், பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட வேண்டும். குறை சொல்ல நான் யார்? ஆனால் பிஎஃப் பணத்தோடு பென்ஷன் பங்கையும் சேர்த்து எடுத்துவிட்டால் அதுவரைக்குமான சர்வீஸ் போய்விடுகிறது. 10 வருட சர்வீஸ் சேர்ந்தால்தான் 58 வயதில் மாதாமாதம் பென்ஷன். மூன்று கம்பெனியில் மொத்தம் 15 வருடம் தைத்த பெண்ணுக்குக் கடைசியில் 4 வருடம்தான் கணக்கில் நிற்கும். பழைய கணக்கைப் புதுக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம், அவசரத்துக்கு முன்பணம் மட்டும் கேட்கலாம், பிஎஃப் பணத்துக்கான படிவம் 19 வேறு, பென்ஷன் பங்குக்கான 10சி வேறு என்று யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியிருந்தால் பலர் ஒரு நிமிடமாவது யோசித்திருப்பார்கள். கடைக்காரன் சொன்னால் அது எடுபடாது. மாதம் பிறந்தால் பென்ஷன் வாங்குகிறவர் சொன்னால் எடுபடும்.

சின்னச் சிக்கல்கள்தான் அதிகம். ஆதாரில் இனிஷியல் பின்னால், கம்பெனிப் பதிவில் முன்னால். ஒரே ஆளுக்கு இரண்டு யூஏஎன், அதாவது வாழ்நாள் முழுக்க ஒன்றே இருக்க வேண்டிய பிஎஃப் எண். வேலையை விட்ட தேதியைக் கம்பெனி போடவில்லை என்று பழைய சூப்பர்வைசர் வீட்டு வாசலில் நிற்பார்கள். கடைசியாகப் பணம் கட்டி 2 மாதம் ஆகியிருந்தால் அந்தத் தேதியைத் தொழிலாளியே ஆன்லைனில் போட்டுக்கொள்ளலாம், 2020-லிருந்தே அந்த வசதி உண்டு. பிஎஃப் அலுவலகமும் மாதாமாதம் 27-ஆம் தேதி வாக்கில் மாவட்டந்தோறும் குறைதீர் முகாம் நடத்துகிறது. இதெல்லாம் தெரிந்த ஒருவர் பக்கத்துத் தெருவில் இருந்தால், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வேலூருக்கு பஸ் ஏற வேண்டியிருக்காது.

பணிக்கொடை (கிராஜுவிட்டி) என்று ஒன்று உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. நீங்களெல்லாம் ஓய்வு பெற்ற மாதமே அதைக் கணக்குப் போட்டு வைத்திருப்பீர்கள். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு, வருடத்துக்கு 15 நாள் சம்பளம். கணக்கில் வரும் மாதச் சம்பளம் 13,000 என்றால் அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் 7,500. எட்டு வருடத்துக்கு 60,000 ரூபாய். இங்கே "செட்டில்மென்ட்" என்று ஒரு கவரைக் கொடுத்து, ஆங்கிலத்தில் டைப் அடித்த தாளில் கையெழுத்து வாங்குவார்கள். அதில் எல்லாப் பாக்கியும் பெற்றுக்கொண்டேன் என்று இருக்கும். கையெழுத்துப் போடுவதற்கு முந்தின நாள் அந்தத் தாளை உங்களில் ஒருவர் படித்துச் சொன்னால் எவ்வளவு வித்தியாசம், பாருங்கள்.

வீட்டில் பீடி சுற்றுகிறவருக்கும் பிஎஃப் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே சொல்லிவிட்டது. வீட்டிலேயே ஷூவின் மேல்பாகம் தைப்பவர்களுக்கு அரசின் காலணி, தோல் பொருள், தோல் பதனிடும் தொழிலாளர் நல வாரியம் இருக்கிறது. பதிவு செய்தால் பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை கிடைக்கும். சம்பளச் சீட்டில் இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடித்தம் இருக்கும், ஆனால் அட்டையைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். பிரசவத்துக்குக் கடன் வாங்குவார்கள், இஎஸ்ஐயில் 26 வாரச் சம்பளம் கிடைக்கும் என்பது தெரியாமலே.

இதில் மாவட்டப் பிரிப்பு வேறு. 2019-இல் வேலூர் மூன்றானது. பேரணாம்பட்டில் வீடு, ஆம்பூரில் வேலை என்றால் வீடு வேலூர் மாவட்டம், கம்பெனி திருப்பத்தூர் மாவட்டம். வீட்டுக்குப் பக்கத்து அலுவலகத்துக்குப் போனால், வேலை செய்யும் இடம் எங்கேயோ அங்கே போம்மா என்று திருப்பி அனுப்புவார்கள். அவர்கள் சொல்வதும் சரிதான். ஆனால் பாதிப் பேர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம், ஊருக்கு ஒரு உதவி மேசை. கிளை நூலகத்தில் இடம் கொடுத்தால் நல்லது, இல்லையென்றால் உங்கள் சங்கக் கட்டடம், பள்ளிக்கூட வராந்தா, கோயில் மண்டபம் எதுவானாலும் சரி. கம்பெனி கேட்டுக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம், பார்த்துவிட்டால் வேலை போய்விடும் என்ற பயம் அவர்களுக்கு உண்டு. வங்கியில் இருந்தவர், தபால் துறையில் இருந்தவர், பெல் (BHEL) தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர், நீதிமன்ற எழுத்தர், பள்ளி ஆசிரியை என்று நாலைந்து பேர் போதும். பேரணாம்பட்டு, மேல்விஷாரம், வாணியம்பாடியில் உருது பேசும் ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் கட்டாயம் வேண்டும். தமிழில் கேட்கத் தயங்குவதை உருதில் கேட்பார்கள்.

பெண்கள் இல்லாமல் இந்த மேசையைப் போடாதீர்கள். சூப்பர்வைசர் தப்பாகப் பேசுகிறான், தொடுகிறான் என்பதை எந்தப் பெண்ணும் பெரியவர் ஒருவரிடம் வந்து சொல்ல மாட்டாள். 2013-ஆம் வருடச் சட்டப்படி 10 பேர் வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். அதைவிடச் சின்ன இடம் என்றால் மாவட்ட அளவில் உள்ளூர்ப் புகார்க் குழு. புகார் கொடுக்க 3 மாத அவகாசம்தான், தயங்கித் தயங்கியே அந்த நாட்கள் போய்விடுகின்றன.

இதெல்லாம் தொழிற்சங்கத்தின் வேலை அல்லவா என்று கேட்பீர்கள். சங்கம் இருக்கும் இடத்தில் அங்கேயே அனுப்பிவிடுங்கள். ஒப்பந்தத்தில் இருப்பவருக்கும் வீட்டில் உட்கார்ந்து சுற்றுபவருக்கும் வீட்டு வேலைக்குப் போகும் அக்காவுக்கும்தான் பெரும்பாலும் சங்கம் இல்லை. வழக்கு என்று வந்தால் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் தொழிற்சாலைத் தொழிலாளருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள், 15100-க்குப் போன் போட்டாலும் வழி சொல்வார்கள். அந்த அமைப்பின் சட்டத் தன்னார்வலர் திட்டத்தில் யாரையெல்லாம் சேர்க்கலாம் என்ற பட்டியலில் ஓய்வு பெற்ற ஆசிரியரும் ஓய்வு பெற்ற அரசு ஊழியரும் மூத்த குடிமக்களும் இருக்கிறார்கள். ஆகவே நான் புதிதாக எதையும் கேட்கவில்லை. உங்களுக்கான நாற்காலியை அவர்களே போட்டு வைத்திருக்கிறார்கள்.

இளைஞர்களுக்காக நீங்கள் செய்ய வேண்டிய வேலை கொஞ்சம் குறைவு. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை 3 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க நினைவூட்டுங்கள். அங்கே நடக்கும் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் போட்டித் தேர்வுக்கு இலவசமாகப் படிக்கலாம் என்று சொல்லுங்கள், முடிந்தவர்கள் போய் ஒரு பாடமும் எடுங்கள். வளைகுடாவுக்குப் போகிறேன் என்று லட்சக்கணக்கில் கட்டக் கிளம்புகிற பையனிடம், பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் என்று சொல்லி, பதிவு எண்ணைக் கேட்கச் சொல்லுங்கள்.

ஒரு சில விஷயங்களைக் கறாராகவே சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். யாரிடமும் டீ காசுகூட வாங்கக் கூடாது. ஓடிபியும் பாஸ்வேர்டும் அவரவர் கையிலேயே இருக்கட்டும். புரோக்கர்கள் மேசை ஓரமாக வந்து நிற்பார்கள், முதல் நாளே விரட்டுங்கள். தெரியாததைத் தெரியும் என்று சொல்லாதீர்கள். 2025 நவம்பர் 21-லிருந்து நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்திருக்கின்றன. எல்லாத் தொழிலாளருக்கும் நியமனக் கடிதம், குறிப்பிட்ட காலத்துக்கு எடுத்தவருக்கு ஒரு வருடத்திலேயே பணிக்கொடை என்று பல மாற்றங்கள். பழைய பிரிவு எண்கள் மனப்பாடமான உங்களுக்கும் இது புதுப் பாடம், தொடங்குமுன் சேர்ந்து உட்கார்ந்து படித்துவிடுங்கள். அப்புறம், "எங்க காலத்துல" என்று ஆரம்பித்துவிட வேண்டாம். வந்தவர் வெயிலில் நடந்து வந்திருப்பார்.

கிராமங்களில் இருப்பவர்களுக்கு மே 1 கிராம சபை நல்ல நாள். தொழிலாளர் தினத்தன்றே கூடும் சபையில் இந்த மேசைக்கு இடம் கேட்டு ஒரு தீர்மானம் போட்டால் ஊராட்சிக் கட்டடத்தின் சாவி கிடைக்கும்.

அடுத்த மாதக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாகச் சேர்த்து, பெயர் கொடுக்க விருப்பமுள்ளவர்களின் பட்டியலை எழுதுங்கள். குடியாத்தம் மேசைக்கு வேண்டிய படிவங்களையெல்லாம் என் கடையில் இலவசமாகப் பிரிண்ட் எடுத்துத் தருகிறேன். கலர் பிரிண்ட் மட்டும் கேட்காதீர்கள், மை விலை கட்டுப்படியாகவில்லை.

இப்படிக்கு,
ஒரு ஜெராக்ஸ் கடைக்காரன்,
குடியாத்தம்.