மேலூர் தையல் கூடத்துக்கு ரயில்வே டெண்டர்

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் மனசுக்கு நிம்மதி.

மேலூரில் பட்டியலினப் பெண்கள் நடத்தும் தையல் கூடம் ரயில்வேக்குப் படுக்கை விரிப்பு தைத்துக் கொடுக்க முடியுமா, நாலு சதவீத ஒதுக்கீடு உண்டாமே என்று கேட்டிருந்தாய். உண்டு. மத்திய அரசின் 2012 கொள்முதல் ஆணைப்படி, அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு தொழில்களிடம் வாங்க வேண்டும். முதலில் 20 என்று இருந்ததை 2018-ல்தான் கூட்டினார்கள். அதற்குள் பட்டியலின, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 4, பெண்களுக்கு 3.

ஆனால் இது ஆண்டு முழுதுக்குமான இலக்கு. ஒவ்வொரு டெண்டரிலும் நூற்றுக்கு நாலு எடுத்து வைப்பார்கள் என்று கூடத்துப் பெண்கள் நினைத்திருந்தால் முதலில் அதை மாற்று. அந்தப் பிரிவினர் டெண்டருக்கு வராவிட்டாலோ, விலையோ தகுதியோ சரிப்படாவிட்டாலோ, அந்த நாலையும் மற்ற சிறு தொழில்களிடம் வாங்கிக்கொள்ள அதே ஆணை வழி விடுகிறது. போட்டிக்கே போகாமல் இருந்தால் இவர்கள் பங்கு இன்னொருவருக்குப் போகும். எனக்கு ஆற்றாமையாக இருப்பது இதுதான்.

விலை விஷயத்தை நிதானமாக விளக்கு. ஆயிரம் விரிப்புக்கு டெண்டர், ஒரு பெரிய மில் விரிப்புக்கு 400 ரூபாய் போட்டு எல்1, அதாவது மிகக் குறைந்த விலைக்காரர், ஆகிறது என்று வை. இவர்கள் விலை 460-க்குள், அதாவது 15 சதவீதத்துக்குள் இருந்தால், 400-க்கு இறங்கி வரச் சம்மதமா என்று கேட்பார்கள். சம்மதித்தால் அந்த 25 சதவீதக் கணக்கில் 250 விரிப்பு வரை கிடைக்கும். அதே வரம்புக்குள் வேறு சிறு தொழிலும் இருந்தால் அதைப் பகிர வேண்டும். பணம் 460 கணக்கில் வராது, 400-தான். அடக்கவிலையே 410 என்றால் 250-க்கு 2,500 ரூபாய் கைநட்டம். அடக்கம் தெரியாமல் விலை போடவே கூடாது.

அடக்கம் கெடுவது பெரும்பாலும் கத்தரியில். துவைத்த பிறகு 90 அங்குலம் இருக்க வேண்டும் என்று டெண்டர் சொல்லி, துணி 4 சதவீதம் சுருங்குவதாக இருந்தால், தைத்து முடித்த நீளம் 93¾ வர வேண்டும். இரு முனையிலும் மடிப்புக்கு ஒன்றரை அங்குலம் விட்டால் வெட்டு நீளம் 96¾. 93-ல் வெட்டினால் மொத்தச் சரக்கும் திரும்பி வரும். வாங்கும் துணியில் ஒரு மீட்டரைத் துவைத்து, காயவைத்து, அளந்துவிட்டு விலை போடச் சொல்.

உத்யம் பதிவை, அதாவது சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவை, எடுத்துப் பார். ‘வணிகம்’ என்று மட்டும் இருந்தால் இந்தச் சலுகை எதுவும் கிடையாது. ‘உற்பத்தி’ என்று இருக்க வேண்டும். ஈரோட்டில் தைத்ததை வாங்கிக் கொடுப்பதும் செல்லாது. கூட்டு நிறுவனமென்றால் பட்டியலினப் பங்குதாரர்களுக்குக் குறைந்தது 51 சதவீதம் வேண்டும். பணம் போட்டவரோடு பாதிக்குப் பாதி என்று எழுதியிருந்தால், அந்த ஒரு சதவீதத்தில் தகுதி போச்சு. டெண்டர் படிவம் இலவசம், டெண்டர் போடும்போது கட்டும் முன்வைப்புத் தொகைக்கு (ஈஎம்டி) விலக்கு. ஆர்டர் கிடைத்தபின் கட்டும் செக்யூரிட்டி டெபாசிட்டுக்கு இந்த விலக்கு பொருந்தாது. அதற்கு முன்கூட்டியே பணம் புரட்ட வேண்டும்.

சரக்கு இறக்கிய அன்றே சலானில், அதாவது சரக்கு ஒப்படைத்த சீட்டில், தேதியும் சீலும் வாங்கச் சொல். 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால், இறக்கிய நாளே ஏற்ற நாள். ஒப்பந்தம் என்ன சொன்னாலும் அதிலிருந்து 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்திவைக்க முடியாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டி. தாமதப் பணத்துக்கென்று உள்ள அரசு இணையதளத்தில் முறையிடலாம். சலான் இல்லாவிட்டால் எந்த நாளிலிருந்து எண்ணுவது?

உத்யம் சான்றிதழ் நகலையும் ஒரு விரிப்புக்கான துணி, நூல், கூலிக் கணக்கையும் அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். மாட்டுத்தாவணி வரை வந்தால் புதூருக்கும் ஒரு எட்டு வந்துவிட்டுப் போ.

அன்புடன்,
உன் மச்சான்