குழம்பைப் புகழ்ந்தீர்கள், சட்டியை விட்டுவிட்டீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மதுரைச் சாப்பாடு பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை எங்கள் வீட்டில் எல்லோரும் படித்தோம். கறிதோசை, ஜிகர்தண்டா, அயிரை மீன் குழம்பு என்று எதையும் விடாமல் எழுதியிருந்தார்கள், சந்தோஷம். ஆனால் அயிரை மீன் குழம்புக்கு மசாலா அளவெல்லாம் பார்த்துப் பார்த்துக் கொடுத்துவிட்டு, கடைசியில் 'அகலமான பாத்திரத்தில் கொதிக்கவிடவும்' என்று போட்டிருந்ததைப் படித்ததும் எனக்கு மனசு ஆறவில்லை. எந்தப் பாத்திரம் என்று சொல்ல வேண்டாமா?

அயிரையைச் சமைத்தவர்களுக்குத் தெரியும், அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்பே மண்சட்டிக்கு வேலை வந்துவிடும். விரல் நீளம்கூட இல்லாத மீன் அது. உயிரோடு வாங்கிவந்து கொஞ்ச நேரம் பாலிலோ தேங்காய்ப்பாலிலோ விட்டால்தான் வயிற்றில் இருக்கிற மண்ணைக் கக்கும். அப்புறம் கல் உப்பைப் போட்டு, உள்பக்கம் சொரசொரப்பாக இருக்கிற சட்டியில் உள்ளங்கையால் உரசி உரசி, நுரை அடங்கித் தண்ணீர் தெளியும்வரை கழுவ வேண்டும். எவர்சில்வரில் உரசினால் மீன் வழுக்கிக்கொண்டு ஓடும், கொழகொழப்பு போகவே போகாது. எங்கள் அப்பத்தா இதற்கென்றே ஒரு சட்டியைத் தனியாக வைத்திருந்தார், அதில் வேறு எதையும் போட விடமாட்டார். குழம்புச் சட்டி வேறு. அதை வாங்கிவந்ததும் தண்ணீரில் ஊறப்போட்டு, அரிசி கழுவின தண்ணீரை ஊற்றிக் கொதிக்கவைத்து, நல்லெண்ணெய் தடவி வெயிலில் காயவைத்து, நன்றாகப் பழக்கிய பிறகுதான் அதில் புளியைக் கரைத்து ஊற்றுவார். அடுப்பை அணைத்த பிறகும் அந்தச் சட்டியில் குழம்பு கொதித்துக்கொண்டே இருக்கும், அதனால் மீனைக் கடைசியில் போட்டு ஒரு கொதியில் இறக்கிவிடுவார், மிச்சத்தைச் சட்டி பார்த்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் யாருக்காவது உடம்பு முடியாமல் போய்த் தேறி எழுந்தாலும் சரி, வெளியூரிலிருந்து யார் வந்தாலும் சரி, முதலில் கேட்பது இந்தக் குழம்பைத்தான், அதுவும் முந்தின நாள் வைத்ததாக இருந்தால் இன்னும் விசேஷம்.

அப்பத்தாவுக்குத் திருப்புவனம் பக்கம். ஊரில் எந்த வீட்டுக்கு, மண்பாண்டம் செய்கிற எந்த வேளார் குடும்பம் சட்டி கொடுக்கும் என்பது தலைமுறையாக வந்த கணக்கு. அறுப்பு முடிந்ததும் களத்திலேயே நெல் அளந்து கொடுத்துவிடுவார்கள். கல்யாணத்துக்கு அரசாணிப் பானை அவர்கள் வீட்டிலிருந்துதான் வரும், முளைப்பாரி ஓடு அவர்கள் வீட்டிலிருந்துதான் வரும், ஐயனாருக்கு மண்குதிரை செய்து புரவி எடுப்பது என்றால், அதைச் செய்யச் சொல்லி ஊர் சேர்ந்து அவர்கள் கையில்தான் பிடிமண் கொடுக்கும். சாமிக்குக் குதிரை செய்கிற கைதான் எங்கள் வீட்டுக் குழம்புச் சட்டியையும் செய்தது. அப்பத்தா சட்டியை விரல் கணுவால் தட்டிப் பார்ப்பார், கணீரென்று சத்தம் வந்தால்தான் வாங்குவார், மொத்தென்று கேட்டால் சூளையில் சரியாக வேகவில்லை என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

சக்கரத்திலிருந்து சட்டி முழுசாக இறங்கிவிடும் என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இறங்கும்போது அதற்கு அடியே இருக்காது. அரை ஈரத்தில் மடியில் வைத்துக்கொண்டு, உள்ளே ஒரு உருண்டைக் கல்லைக் கொடுத்து, வெளியே பலகையால் தட்டித் தட்டி அந்த ஓட்டையை மூடுவார்கள், அப்படித்தான் அடி உருண்டு வரும். தட்டு கொஞ்சம் முன்பின் ஆனால் ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்து, சூளையிலோ நம் அடுப்பிலோ விரிசல் விட்டுவிடும். பல வீடுகளில் இந்தத் தட்டுகிற வேலை பெண்களுடையது. அந்த ருசியில் பாதி அப்பத்தா கை என்றால் பாதி அவர்கள் கை. நாம் அப்பத்தாவின் செய்முறையை மட்டும் எழுதி வைத்துக்கொண்டு குடும்பப் பாரம்பரியத்தைக் காப்பாற்றிவிட்டதாக நினைக்கிறோம், அது பாதிக் கணக்குதான்.

மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஊரில் கடம் செய்யும் மீனாட்சி அம்மாவுக்குச் சங்கீத நாடக அகாடமி விருது கொடுத்தார்கள். கீழடியில் அருங்காட்சியகம் திறந்ததும் 2023-ல்தான், ஆதன் என்று பெயர் கீறிய பானை ஓட்டைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். எல்லாம் பெருமைதான். ஆனால் தினசரி உலை வைக்கிற சட்டியைச் செய்கிறவர் பிழைப்புக்கு இதில் என்ன கிடைத்தது? மதுரையில் சில ஓட்டல்களில் அலுமினிய அண்டாவில் குழம்பைக் காய்ச்சி, உள்ளங்கை அகல மண்சட்டியில் ஊற்றிக் கொண்டுவந்து வைத்து, அதற்குத் தனி விலை வாங்குகிறார்கள். அந்தச் சட்டி யார் செய்தது என்று கேட்டால் பரிமாறுகிறவருக்குத் தெரிவதில்லை.

அடிப்படைச் சிக்கல் மண். நல்ல மண் கண்மாயில் இருக்கிறது, கண்மாய் கோடையில்தான் வற்றும், அந்தச் சில வாரங்களுக்குள் மண்ணை அள்ளிச் சேர்த்துக்கொள்ளாவிட்டால் அப்புறம் தண்ணீர் ஏறிவிடும். மழைக்காலத்தில் சட்டி காயாது, சூளை பிடிக்காது. மழை விட்டதும் பொங்கல் வந்துவிடும், வருஷத்தின் பெரிய விற்பனை அப்போதுதான். கோடையில் மண் அள்ளுகிற அனுமதி ஒரு மாதம் தள்ளிப்போனாலே தைமாதம் பானை இல்லை என்று அர்த்தம். வட்டாட்சியரிடமே அனுமதி வாங்கலாம் என்று 2024-ல் அரசு விதியை எளிதாக்கியது, நல்ல காரியம். அந்த அனுமதி சித்திரை, வைகாசிக்குள் கைக்குக் கிடைக்கிறதா என்பதைத்தான் அதிகாரிகள் பார்க்க வேண்டும்.

பொங்கல் பரிசுத் தொகுப்பில் மண்பானையும் வேண்டும் என்று மண்பாண்டத் தொழிலாளர்கள் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மாநிலம் முழுக்க 2 கோடிக்கும் மேல் ரேஷன் அட்டை, ஒரே வருஷத்தில் அத்தனை பானை செய்ய முடியாது என்பது எனக்கும் புரிகிறது. மதுரை, சிவகங்கை இரண்டு மாவட்டத்திலாவது ஆரம்பிக்கலாமே. மானாமதுரையும் விளாச்சேரியும் பக்கத்திலேயே இருக்கின்றன, லாரியில் வெகுதூரம் போய் உடைகிற கவலையும் இல்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை சமையல் பகுதியில் மீன் குழம்போ புளிக்குழம்போ போடும்போது, எந்தச் சட்டி, அதை எப்படிப் பழக்குவது, சோப்பு போடாமல் தேங்காய் நாராலும் சாம்பலாலும் எப்படிக் கழுவுவது என்று நாலு வரி சேர்த்துப் போடுங்கள். புதுசாகக் கல்யாணமாகி வரும் பிள்ளைகள் சட்டி வாங்க ஆசைப்படுகிறார்கள், பழக்கத் தெரியாமல் முதல் நாளே அடுப்பில் ஏற்றி, அது விரிசல் விட்டதும் மண்சட்டியே வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள். விளாச்சேரிக்கோ மானாமதுரைக்கோ உங்கள் நிருபரை அனுப்பி, சட்டி செய்கிறவர்களின் பெயரோடும் படத்தோடும் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள், பொங்கலுக்கு ஒரு மாதம் முன்பாகவே வந்தால் அவர்களுக்கு உபயோகமாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அரப்பாளையம், மதுரை.