லேப் உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள லேப் உரிமையாளர்களே,

வணக்கம். பல வருடமாக ரத்தம் எடுக்கும் டெக்னீஷியன் நான். நம் கவுன்டரில் யார் வந்து நின்றாலும் முதலில் கேட்பது, "வெறும் வயிறா?" சர்க்கரைக்குச் சரி. குழந்தைக்காக எஃப்.எஸ்.ஹெச்., எல்.ஹெச்., எஸ்ட்ரடையால் ஆகிய ஹார்மோன் டெஸ்டுகள் எடுக்க வரும் பெண்ணிடம் கேட்க வேண்டியது, "பீரியட்ஸ் வந்து இன்று எத்தனையாவது நாள்?"

இவற்றை வழக்கமாக இரண்டாம், மூன்றாம் நாளில் எடுப்போம். ரத்தம் நன்றாகப் படத் தொடங்கும் நாள்தான் முதல் நாள். முந்தின நாள் லேசாகக் கறை பட்டதைச் சேர்த்து எண்ணிவிட்டு வருபவர்கள் ஏராளம். முட்டை வெளிவரும் தறுவாயில் எல்.ஹெச். பல மடங்கு ஏறும். நாள் எழுதாத ரிப்போர்ட்டில் அதைப் பார்க்கும் குடும்பம் கலங்காமல் என்ன செய்யும்? முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.ஹெச். மட்டும்தான் எந்த நாளில் எடுத்தாலும் பெரிதாக மாறாது.

எனக்கு அதிகம் எரிச்சல் தருவது, முட்டை வெளிவந்ததா என்று பார்க்கும் "21ஆம் நாள் புரோஜெஸ்டிரோன்" டெஸ்ட். அது 28 நாளுக்கு ஒருமுறை பீரியட்ஸ் வருபவருக்கான கணக்கு. 35 நாளுக்கு ஒருமுறை வருபவருக்கு 21ஆம் நாள் வாக்கில்தான் முட்டையே வெளிவரும். அன்று எடுத்தால் அளவு குறைவாகத்தான் இருக்கும். முட்டையே வரவில்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள். அடுத்த பீரியட்ஸுக்கு ஏறக்குறைய ஏழு நாள் முன்பு, அதாவது 28ஆம் நாளில் வரச் சொல்ல வேண்டும். சீட்டில் 21 என்று இருந்தால், டாக்டருக்கு ஒரு போன் போட்டுக் கேட்பதில் என்ன குறைந்துவிடும்?

பால் சுரப்புக்கான ஹார்மோனான புரோலாக்டினுக்கு வருபவரை, படியேறி வந்த மூச்சு அடங்கும்வரையாவது உட்கார வையுங்கள். பதற்றத்திலேயே அது ஏறும். முடி கொட்டுவதற்குப் பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறாரா என்றும் கேளுங்கள். சில மெஷின்களில் அது எஃப்.எஸ்.ஹெச்சைக் குறைத்தும் எஸ்ட்ரடையாலைக் கூட்டியும் காட்டிவிடும்.

அப்புறம், கணவர்மார். ஆபீஸ் முடிந்து சாயங்காலம் வருபவரிடம் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனுக்கு ரத்தம் எடுக்காதீர்கள்; காலை பத்து மணிக்குள் வரச் சொல்லுங்கள். (அவரை வரவழைப்பதே பெரிய பாடு என்பது தனிக்கதை.)

நான் கேட்பது ஒரு சின்னப் படிவம்: கடைசி பீரியட்ஸ் தேதி, எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும், சாப்பிடும் மாத்திரைகள். அந்தத் தேதி ரிப்போர்ட்டிலும் அச்சாகட்டும். படிவத்தை அவர் கையிலேயே கொடுத்து நிரப்பச் சொல்லுங்கள். ஹால் நிறைய ஆட்கள் இருக்கும்போது கவுன்டரிலிருந்து சத்தமாகக் கேட்டால் பாதிப் பேர் வாய்க்கு வந்த தேதியைச் சொல்லிவிடுகிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு லேப் டெக்னீஷியன்